நாடகப் பாடம் லேசான பாடமா?

"நாடகம் படிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?"

நாடகப் பாடம் எடுத்த பிள்ளைகளின் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். அப்பாவுக்குக் கோபம் வருகிறது. அம்மாவுக்குக் கவலை வருகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வருகிறது.

பிள்ளைகள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். "அது லேசான பாடம் அப்பா. சுலபமாக மார்க்கு வரும்!"

உடனே வீட்டில் சமாதானம் ஆகிவிடுகிறது. மார்க்கு வரும் என்றால் சரி, படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

உண்மையில் கோபப்பட வேண்டிய இடம் அதுதான். நாடகம் எப்படி லேசான பாடம் ஆயிற்று? அதை லேசாக்கியது யார்?

அது என்ன பாடம்?

தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரிகளில் பட்டப் படிப்பு 3 ஆண்டு. ஒருவர் வணிகவியல் படிக்கலாம். இன்னொருவர் கணிதம் படிக்கலாம். எதைப் படித்தாலும், தமது துறைக்கு வெளியே உள்ள ஒரு பாடத்தையும் எடுக்க வேண்டும். இதை விருப்பப் பாடம் என்கிறார்கள். வாரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்காதவர்கள் மட்டும் இதற்குப் பதிலாக அடிப்படைத் தமிழ் படிப்பார்கள்.

எந்தெந்தப் பாடம் வைப்பது என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பேச்சுக் கலை இருக்கும். பத்திரிகைத் தொழில் இருக்கும். நாட்டுப்புறக் கலை இருக்கும். சில கல்லூரிகளில் நாடகமும் உண்டு. தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கோ, முக்கியப் பாடத்திலேயே நாடகம் வந்துவிடும்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் ரோட்டில் இருக்கிறது தேவதானம். மேற்கே மலை. சுற்றிலும் வயலும் தோப்பும். இந்த ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்கும் படிக்கப் போகிறார்கள். சிலர் தெற்கே சங்கரன்கோவில், தென்காசிப் பக்கம் போகிறார்கள். பல வீடுகளில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். ஆகவே, அங்கே என்ன பாடம் எடுப்பது, எதை விடுவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. முந்திய ஆண்டு படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்வதுதான் வேதம்.

அவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பெரும்பாலும் ஒரே பேச்சுத்தான். "நாடகத்தை எடு. நோட்டு கொடுப்பார்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்தால் போதும். முக்கியப் பாடத்துக்கு நேரம் மிஞ்சும்."

இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. கணக்கியலோடும் இயற்பியலோடும் மல்லுக்கட்டும் பிள்ளைக்கு, மூச்சு விட ஒரு பாடம் வேண்டாமா? காலையில் முதல் பஸ், சாயங்காலம் கூட்டமான பஸ், ஞாயிற்றுக்கிழமை மில் வேலையோ தோட்ட வேலையோ! இப்படி ஓடுகிற பிள்ளை, லேசான பாடத்தைத் தேடினால் அதைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

வேறு சிலர் பேச்சு வேறு மாதிரி. "எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் முன்னால் பேச வராது. அது போகும் என்றுதான் எடுத்தேன்" என்கிறார்கள். இவர்கள்தான் பாவம். கூச்சம் போக வந்தவர்களுக்கும் நோட்டுத்தான் கிடைக்கிறது. ஒரு பருவம் முழுவதும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வந்த கூச்சத்தோடு வீடு திரும்புகிறார்கள்.

சினிமா ஆசையில் எடுப்பவர்களும் உண்டு. அவர்கள் சீக்கிரம் ஏமாந்துபோகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கேயும் கல்லூரியில் எல்லோரும் கலைப் பாடம் ஒன்றை எடுக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. நாடக அறிமுகப் பாடத்தைச் 'சும்மா மார்க்கு வரும் பாடம்' என்று அங்கேயும் மாணவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள். ஆனால் அதே அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரத்தில், 1914-லேயே நாடகத்துக்குப் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டார்கள். அதே ஆண்டு ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில், பேக்கர் என்ற பேராசிரியரின் நாடக வகுப்பில் ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். பெயர் யூஜின் ஓநீல். 1936-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கிணற்றங்கரையில் நீச்சல்

நாடகம் லேசான பாடமாக இருப்பதற்குக் காரணம், அது காகிதத்தில் நடப்பதுதான்.

"நாடகம் என்றால் என்ன? அதன் வகைகள் யாவை? சங்கரதாஸ் சுவாமிகள் பற்றிக் குறிப்பு வரைக." இப்படிக் கேள்வி கேட்டால், பதில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல ஞாபகசக்தி உள்ள பிள்ளைக்கு ஒரு மணி நேரம் போதும். மேடையே ஏறாமல், வாயே திறக்காமல், நாடகத்தில் முதல் வகுப்பு வாங்கிவிடலாம்!

கிணற்றங்கரையில் உட்கார்ந்து, நீச்சலைப் பற்றிப் படித்தவனுக்கு நீச்சல் தெரியும் என்று யாராவது சொல்வார்களா?

பேராசிரியர்களையும் முழுவதும் குற்றம் சொல்வதற்கில்லை. வகுப்பில் 60 பேர் இருந்தால், ஒவ்வொருவரையும் எழுப்பி நடிக்கவைக்க 2 மணி நேரம் எந்த மூலைக்கு? பாடத்தை முடிக்க வேண்டும். பரீட்சை நடத்த வேண்டும். நோட்டுக் கொடுப்பது அவர்களுக்கும் லேசாக இருக்கிறது.

ஆனால் நிஜமாகவே நடத்தினால் நாடகப் பாடம் எப்படி இருக்கும்? அதற்கு வெளியூர்க் கதை எதுவும் வேண்டாம். தேவதானத்துக் கோயில் கதையே போதும்.

நஞ்சு தோய்ந்த ஆடை

தேவதானத்தில் உள்ள சிவன் கோயிலின் பெயர் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில். நச்சாடை என்றால் நஞ்சு தோய்ந்த ஆடை. பாண்டியனை ஒழிக்க நினைத்த சோழ மன்னன், நஞ்சு தோய்த்த ஆடையைப் பரிசு என்று சொல்லி அனுப்பினானாம். இறைவன் அந்த ஆபத்திலிருந்து பாண்டியனைக் காப்பாற்றினார் என்கிறது தலவரலாறு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டி சொல்லித் தெரிந்த கதை.

இதில் ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூதன் வருகிறான். கையில் தட்டு. தட்டில் ஆடை. பாண்டியன் முன்னால் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"அரசே! இது எங்கள் மன்னர் அனுப்பிய பரிசு."

அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைகூட இதைச் சொல்லிவிடும்.

இப்போது ஆசிரியர் சொல்கிறார்: "ஆடையில் நஞ்சு இருப்பது தூதனுக்குத் தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டு சொல்."

மாணவன் சொல்கிறான். நன்றாகத்தான் சொல்கிறான்.

"சரி. இப்போது தூதனுக்கு விஷயம் தெரியும். வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. சொல்."

இங்கேதான் திண்டாட்டம்! தட்டைப் பிடிக்கும் விதம் மாற வேண்டும். துணி கையில் பட்டுவிடுமோ என்று பயம் இருக்கும். அந்தப் பயம் ராஜாவுக்குத் தெரியக்கூடாது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்! ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதா, தட்டைப் பார்த்துப் பேசுவதா? "பரிசு" என்ற சொல்லில் குரல் தடுமாற வேண்டுமா, கூடாதா?

மூன்றாவது தடவை ஆசிரியர் இன்னும் ஒரு முடிச்சுப் போடலாம். "தூதனுக்கு விஷயம் தெரியும். ஆனால் பாண்டியன் அவனை அன்பாக வரவேற்று, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டான். இப்போது சொல்."

ஒரே வாக்கியம், மூன்று மனிதர்கள். இதைச் செய்துபார்த்த பிள்ளை, நாடகம் லேசான பாடம் என்று அப்புறம் சொல்லுமா?

இந்தப் பயிற்சியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தூதனாக நிற்கும் பிள்ளை, தூதனின் மனதுக்குள் புகுந்து பார்க்கிறது. ராஜாவின் கட்டளையை மீற முடியாத ஒரு சாதாரண வேலைக்காரனின் கஷ்டம் அதற்குப் புரிகிறது. இதை எந்த நோட்டும் சொல்லித் தராது.

கடைசி பெஞ்சு வரை குரல் கேட்க வேண்டும் என்பதும் இருக்கிறதே! தொண்டையால் கத்தினால் பத்து நிமிஷத்தில் குரல் கட்டிவிடும். அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுத்துப் பேசப் பழக வேண்டும். வேலைக்கு இன்டர்வியூ என்று சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் போகிற கிராமத்துப் பிள்ளைகள் தோற்கிற இடம் பல சமயம் இதுதான். அறிவு இருக்கிறது. மார்க்கும் இருக்கிறது. ஆனால் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றவுடன், குரல் கிணற்றுக்குள் போய்விடுகிறது.

லேசாகக் கற்றவர் யாரும் இல்லை

பழைய நாடகக் கம்பெனிகளில் இந்தக் கலையை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்த்தால் பயமாகக்கூட இருக்கும்.

1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பெயர். அதில் வந்து சேர்ந்த டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது 6! பின்னால் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடே கொண்டாடிய குடும்பம் அது. முழு நாடகங்களையும் பாட்டும் வசனமுமாக மனப்பாடம் செய்ய வேண்டும். உச்சரிப்பு பிசகக் கூடாது. அடியும் உண்டு, பட்டினியும் உண்டு. சிவாஜி கணேசனும் எம்.ஜி.ஆரும் சிறுவர்களாக இப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்கள்தான்.

அந்த அடி வேண்டாம். பள்ளிக்கூடத்தை விட்டு ஆறு வயதுப் பிள்ளை மேடையில் உழைத்த காலம் போனதே நல்லது. ஆனால் அந்த உழைப்பில் நூற்றில் ஒரு பங்காவது கல்லூரி வகுப்பில் இருக்கலாம் அல்லவா?

அந்தக் கலை செத்துப்போகவும் இல்லை. தென் மாவட்டங்களில் இன்றும் கோயில் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நடக்கிறது. இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ராஜபார்ட் நடிகர் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் நடிகை வேறோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து இறங்கி, ராத்திரி மேடை ஏறுவார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது, ஒருவர் என்ன கேட்பார் என்று மற்றவருக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். விடிய விடிய நடக்கும் இந்தப் பரீட்சையை அவர்கள் ஆண்டுக்குப் பல தடவை எழுதுகிறார்கள்.

இவர்களைக் கல்லூரிக்கு அழைத்தால் என்ன? நிரந்தர வேலைக்குப் பட்டம் வேண்டும் என்று சட்டம் இருக்கலாம். இரண்டு நாள் பயிற்சி கொடுக்கப் பட்டம் எதற்கு? ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் திருவிழா குறைவு. அவர்களுக்கு வேலையும் குறைவு. கல்லூரியோ நடந்துகொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் அழைத்து, கௌரவமான சம்பளமும் கொடுத்தால், இரண்டு பக்கமும் நன்மை.

பெற்றோர்களின் பயம்

"கூத்தாடியாகப் போகிறானா?" என்ற பயம் பெற்றோர்களுக்கு இன்னும் இருக்கிறது. அதற்குப் பதில் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே உண்டு.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. பிறகு அவர் பி.ஏ. முடித்தார். வக்கீல் ஆனார். நீதிபதியும் ஆனார். 90-க்கும் மேற்பட்ட நாடகங்களையும் எழுதினார். நாடகம் அவருடைய படிப்பைக் கெடுக்கவில்லை. அவருடைய படிப்புத்தான் நாடகத்துக்கு மதிப்பைக் கொண்டுவந்தது.

அதே 1891-ல் இன்னொரு சம்பவம். திருவனந்தபுரத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, 'மனோன்மணீயம்' என்ற நாடகத்தை வெளியிட்டார். அதில் வரும் வாழ்த்துத்தான் நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021-ல் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தது. தேவதானத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் தென்காசி மாவட்டம் வந்துவிடுகிறது. அங்குள்ள கல்லூரிகளில் படிப்பவர்களின் பட்டத்தில் என்ன பெயர் இருக்கிறது? மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம்! பேராசிரியர் பெயருக்கு முன்னால் நாடகத்தின் பெயரே நிற்கிறது. 1990-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகம் அது. நாடகத்தை மட்டம் என்று நினைக்கும் பெற்றோரும், அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் போகிறார்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கவலை வேறு. ஒத்திகை என்று நேரமாகிவிடும், கடைசி பஸ் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். இது நியாயமான கவலை. இதைக் கேலி செய்யக்கூடாது. கல்லூரிக்கு வெளியே, ராத்திரியில் ஒத்திகை வைக்கும் வழக்கமே பாடத்துக்கு வேண்டாம். வகுப்பு நேரத்திலேயே முடிக்கட்டும். தூதன் வேஷத்துக்கு ராத்திரி எதற்கு?

சினிமா ஆசை

சினிமா ஆசையில் இந்தப் பாடத்தை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை.

நடிகர் விஜய் சேதுபதி ராஜபாளையத்தில் பிறந்தவர். சிறு வயதில் சென்னைக்குப் போய்விட்டார். கல்லூரியில் அவர் படித்தது நடிப்பு அல்ல, வணிகவியல். வெளிநாட்டில் கணக்கர் வேலை பார்த்துவிட்டு வந்தார். பிறகு சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். என்ன வேலை? அங்கேயும் கணக்கு எழுதும் வேலை! கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தார். பிறகு சின்னச் சின்ன வேஷங்கள். பெரிய வேஷம் வரப் பல ஆண்டுகள் ஆயின. 'சூப்பர் டீலக்ஸ்' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

ஒரு பருவம் நாடகப் பாடம் படித்தால் சினிமா சான்ஸ் வராது. இதை முதல் வகுப்பிலேயே ஆசிரியர் சொல்லிவிடுவது நல்லது. உண்மையிலேயே இந்தக் கலையில் இறங்க நினைப்பவர்களுக்கு வேறு இடங்கள் உள்ளன. டெல்லியில் 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. அங்கே போனால் லேசான பாடம் என்ற பேச்சே எழாது.

மார்க்கை எப்படிப் போடுவது?

லேசாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களை விரட்ட வேண்டியதில்லை. அவர்களும் வரட்டும். நீச்சல் கற்றவர்களில் பாதிப் பேர் குளிக்கப் போன இடத்தில் தள்ளிவிடப்பட்டவர்கள்தானே!

ஆனால் ஒரு விதி போடலாம். மேடை ஏறாதவருக்கு மார்க்கு இல்லை. பல கல்லூரிகளில் 25 மார்க்கு ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. அதை எழுத்துப் பரீட்சைக்குக் கொடுக்காமல், 5 நிமிஷ நடிப்புக்குக் கொடுத்தால் போதும். அரசாங்க உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 60 பேர் வகுப்பை 10 குழுவாகப் பிரித்தால், வாரம் இரண்டு குழு என்று 5 வாரத்தில் முடிந்துவிடும். ரொம்பவும் கூச்சப்படும் பிள்ளை முதலில் திரை இழுக்கட்டும். வசனம் எடுத்துக் கொடுக்கட்டும். வணிகவியல் பிள்ளை செலவுக் கணக்கு எழுதட்டும். ஆனால் பருவம் முடிவதற்குள் ஒரு தடவையாவது ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்.

அந்த நாளில் பெற்றோரையும் அழைக்கலாம். முன் வரிசையில் உட்கார்ந்து, தம் பிள்ளை தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்க்கட்டும். தேவதானம், சேத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப வேண்டும். ஆகவே நிகழ்ச்சியை மத்தியானம் 2 மணிக்கே ஆரம்பித்துவிடுவது நல்லது.